கால் வலு காணாது

முதுகுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று நமது கைபேசிக் குழுவில் நீங்கள் வாதாடத் தொடங்கியபோதே நமக்கெல்லாம் வயது ஏறிவிட்டது என்று விளங்கிவிட்டது. போன கிழமை உங்களில் ஒருத்தி ஒரு பழைய படத்தைத் தோண்டி எடுத்துப் போட்டிருந்தாள். ஜேர்மனியின் எசன் நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் தமிழ் படித்த தேவாலயப் பங்கு மண்டபம். வெள்ளித்தாள் சிறகு கட்டிய சம்மனசுகளாக நாம். கடைசி வரிசையில், கதவடியில், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நிற்பவள் நான். படத்துக்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: "இது மதில் அன்ரியின்ர மகள் எல்லோ?" அதற்குச் சிரித்தவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

என் அம்மாவை நீங்கள் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். மண்டபத்து மதிலில் காரைக் கொண்டுபோய் மோதியவர் என்பதால். அதற்குப் பிறகு நடந்தது உங்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. ஏனென்றால் அந்தக் கிறிஸ்மஸ் ஒளிவிழா ஒத்திகை நாளன்று உங்களை வெளியே விடாமல் கதவை மறித்து நின்றவள் நான்தான். ஏன் மறித்தேன் என்று இப்போது சொல்கிறேன். பழையதை மறந்துவிடு என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம். நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

மார்க் போய் யூரோ வந்த புதிது அது. அப்பா தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு ஜேர்மன்காரரிடம் பழைய கார் ஒன்று வாங்கினார். கருநீலம். நான் பிறப்பதற்கு முன்பே செய்தது. இருக்கைத் துணியில் பழைய சொந்தக்காரரின் நாயும் சுருட்டும் சேர்ந்து மணக்கும். மழை பெய்தால் நாய் முந்தும், வெயில் அடித்தால் சுருட்டு முந்தும். காரின் பின்பக்கத்தில் வெள்ளி எழுத்தில் "டர்போ" என்று இருந்தது. அந்த எழுத்துக்காகவே அப்பா அதை வாங்கினார் என்பது என் முடிவு. சனிக்கிழமைகளில் பழைய பற்தூரிகையால் அந்த எழுத்துகளின் இடுக்குகளைத் துலக்குவார்.

டர்போ என்பது, வேகமிதியை நன்றாக அழுத்தும்போது ஒரு சின்னச் சக்கரம் சுழன்று இயந்திரத்துக்குள் காற்றைத் திணிக்கும் ஏற்பாடு. அப்பா ஒருநாளும் நன்றாக அழுத்தியதில்லை. முட்டைத் தட்டைக் கொண்டு போகிறவர் மாதிரித்தான் ஓட்டுவார். ஒட்டோபான் நெடுஞ்சாலையில் லொறிகள் அவருக்கு ஹோன் அடித்துவிட்டு முந்திப் போகும். பெயர்தான் டர்போ, அப்பாவிடம் அது மாட்டுவண்டியாகவே இருந்தது.

நம் ஆட்களின் கார்கள் எல்லாவற்றையும் பார்த்தவர் ஒருவரே. கராச் மாமா. உங்களுக்கு நினைவிருக்கும், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக இருந்த சின்னக் கராச்சுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார் ஓட வைத்தவர். பெற்றோல் கிடையாது, உதிரிப்பாகம் கிடையாது. ஒரு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட விடுவாராம். உடைந்ததை எடுத்தெறிந்துவிட்டு, அது இல்லாமலே வண்டியை ஓட்டிக் காட்டுவாராம். இந்தக் கதையை அவர் சொல்லாத கலியாணவீடு இல்லை. அப்பாவுக்கு அவர் ஏறக்குறைய ஒரு புனிதர். புனிதர்களின் படத்துக்குப் பக்கத்தில் இடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

தடைக்காலத்தில் அது கெட்டித்தனம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எசனில் ஒரு தடையும் இருக்கவில்லை. கேட்டால் அடுத்த நாளே உதிரிப்பாகம் வரும் ஊர். அவருடைய கை மட்டும் தடைக்காலத்திலேயே நின்றுவிட்டது.

கார் வாங்கிய கொஞ்ச நாளில் பிரேக் மிதிக்கும்போது ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. அப்பா கராச் மாமாவிடம் கொண்டுபோனார், நானும் போனேன். மாமா பொனட்டைத் திறந்து, இயந்திரத்திலிருந்து பிரேக்குக்குப் போகும் தடித்த கறுப்புக் குழாயைக் கழற்றினார். குழாய் வெடித்திருந்தது. குழாயின் நடுவில் என் பெருவிரல் அளவில் கறுப்பு பிளாஸ்ரிக் குமிழ் ஒன்று இருந்தது. இது தேவையில்லாத சாமான், காற்றுப் போகிற பாதையை அடைக்கிறது என்று சொல்லி, குழாயோடு சேர்த்து எறிந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் இறுக்கி விட்டார். சத்தம் நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தில் தேர் பார்த்த சந்தோஷம்.

நான் அந்தக் குமிழை நிலத்திலிருந்து பொறுக்கி எடுத்தேன். ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினால் காற்றுப் போகும். மறுபக்கம் வைத்து ஊதினால், கன்னம் வெடிக்க ஊதினாலும் போகாது. எனக்கு அது மாயம் போல இருந்தது. கழுவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மா அப்போதுதான் கார் ஓட்டும் உரிமம் எடுத்திருந்தார். எடுத்ததற்குக் காரணம் வேலை. வயதான ஜேர்மன்காரர்களை அவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பராமரிப்புச் சேவையில் சேர்ந்திருந்தார். காலையில் ஒரு வீட்டில் குளிப்பாட்டி, அடுத்த வீட்டில் மருந்து கொடுத்து, இன்னொரு வீட்டில் காலுறை மாட்டிவிட வேண்டும். கார் இல்லாமல் அந்த வேலை ஏலாது. சோதனைக்காலம் வருட முடிவு வரை. அதற்குள் ஒழுங்காக ஓடிக் காட்டினால் நிரந்தரம். ஊரில் ஆசிரியையாக இருந்தவர், இங்கே பத்து வருடமாக மற்றவர்களின் மாடிப்படி துடைத்தார். அந்த வேலை அவருக்கு என்னவாக இருந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் ஓட்டுநர் ஆசிரியர் சிவந்த முகமுள்ள ஒரு ஜேர்மன்காரர். மேடு ஏறும்போது தயங்காதே, நன்றாக மிதி என்று கத்திக் கத்தியே பழக்கினார். அம்மாவும் அப்படியே மிதித்தார். ஆக, எங்கள் வீட்டில் அந்தக் காரை டர்போவாக ஓட்டிய ஒரே ஆள் அம்மாதான்.

ஒரு ஞாயிறு, நீச்சல் வகுப்பிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு தமிழ் வகுப்புக்கு வந்தார். ஆற்றோரத்திலிருந்து மேட்டுக்கு ஏறி, மறுபக்கம் இறங்கினால் மண்டபம். மேட்டில் கார் உறுமிக்கொண்டு ஏறியது. இறக்கத்தின் அடியில் மண்டபத்து முற்றத்துக்குத் திரும்பும்போது அம்மா பிரேக்கை மிதித்தார். அது கீழே போகவில்லை. கல்லை மிதித்தது போல நின்றது. அம்மா என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருக்கையை விட்டு எழும்பி, இரண்டு காலாலும் அதன்மேல் ஏறி நின்றார். கார் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மதிலில் மோதி, ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்து, இயந்திரம் அணைந்தது. என் உதடு கடிபட்டு வாயில் இரத்தமும் நீச்சல் குளத்துக் குளோரினும் சேர்ந்து ருசித்தது. அந்த ருசி இப்போதும் நினைவிருக்கிறது.

நீங்கள் எல்லோரும் ஓடி வந்தீர்கள். பெரியவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்கள். கராச் மாமா பாதி கடித்த றோல்ஸோடு, அவசரமில்லாமல் கடைசியாக வந்தார். வந்து, றோல்ஸை முடித்து, கையைத் துடைத்து, காரில் ஏறி, இயந்திரத்தைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருந்தது. பிரேக் மெத்தென்று இறங்கியது.

"காரிலை ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. உங்களுக்குக் கால் வலு காணாது."

காலில் பலம் போதாதாம். சனம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், எதற்கென்று விளங்காமலே. அதையெல்லாம் விடுங்கள். அப்பாவும் சிரித்தார். மகளின் வாயில் இரத்தம், அவர் கராச் மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே காரின் திறப்பைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி அம்மா ஓட்ட வேண்டாம் என்று அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், தீர்ப்பு வந்தது.

அதற்குப் பிறகு அம்மா பஸ்ஸிலும் ட்ராமிலும் வேலைக்குப் போனார். கிழவர்கள் அம்மா பிந்திப் போனதற்கும் தேத்தண்ணி ஆறிப்போனதற்கும் சேர்த்து அலுவலகத்துக்கு முறைப்பாடு சொன்னார்கள். மேலாளர் அம்மாவைக் கூப்பிட்டு, காருக்கு ஒரு வழி பண்ணாவிட்டால் வருட முடிவோடு சரி என்று சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா அதைச் சொன்னபோது அப்பா, மாடிப்படி வேலை எங்கும் கிடைக்கும்தானே என்றார். நல்ல மனிதர்தான் அப்பா. நல்ல மனிதர்கள் எவ்வளவு கெட்ட வசனத்தையும் சோறு குழைத்துக்கொண்டே சொல்வார்கள்.

ஒருநாள் குசினி மேசையில் இருந்து நான் அந்தக் குமிழை ஊதிக்கொண்டிருந்தேன். அம்மா கோழி வெட்டிக்கொண்டிருந்தார். அது என்ன என்று கேட்டார், சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வாங்கி, ஒரு பக்கம் ஊதினார், மறுபக்கம் ஊதினார். திரும்பவும் இரண்டு பக்கமும் ஊதினார். பிறகு கோழியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே போய்ப் பொனட்டைத் திறந்து பார்த்தார். தன் ஓட்டுநர் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார்.

ஆசிரியர் சொன்னதை அம்மா எனக்குப் பழச்சாற்றுப் பெட்டியின் உறிஞ்சுகுழலை வைத்து விளக்கினார். பிரேக் மெத்தென்று இறங்குவதற்கு இயந்திரம் அந்தக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்ச வேண்டும். டர்போ அழுத்தும்போது காற்று எதிர்ப்பக்கமாகத் திரும்பி வரும். அதை மறிக்கத்தான் குமிழ். குமிழ் இல்லாவிட்டால் காற்று பிரேக்குக்குள் போய் நிறைந்துவிடும். அதை உறிஞ்சி எடுக்கப் பார்த்தால், சூட்டில் இளகிய பச்சைக் குழாய் உறிஞ்சுகுழல் போலச் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் ஆறினால் குழாய் பழையபடி நிமிர்ந்துவிடும். பார்க்கிறவனுக்கு ஒரு பிழையும் தெரியாது.

அம்மா இதை அப்பாவிடம் சொன்னார். குமிழையும் காட்டினார். அப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின மனுசன். அவருக்குத் தெரியாததோ உமக்குத் தெரியும்?"

அம்மா குமிழைத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டார். அம்மா கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள்.

ஓட்டுநர் ஆசிரியர் அந்தக் காரை வேறெங்கும் ஓட்டாதே, நேரே ஒரு நல்ல கராச்சுக்குக் கொண்டுபோ என்றும், வழியில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அம்மா கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி ஓம் சொல்லி, கராச்சில் நாள் குறித்து டெர்மின் எடுத்தார். எந்த நாளுக்குத் தெரியுமா? ஒளிவிழா ஒத்திகைக்கு அடுத்த நாளுக்கு. அதுவரை அப்பா தன் முட்டைத் தட்டு வேகத்தில் ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இடையில் ஒரு ஞாயிறு, அப்பா பாடற்குழுப் பயிற்சிக்கு நடந்து போனபோது, அம்மா திறப்பை எடுத்தார். தளபாடக் கடையின் வெறும் வாகனத் தரிப்பிடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். ஆசிரியர் சொன்னபடி பழகினார். பிரேக் கல்லாகிவிட்டால் காலை எடுத்து எடுத்து மிதிக்கக் கூடாது, இரண்டு காலையும் வைத்து விடாமல் அழுத்த வேண்டும். இயந்திரத்தை அணைக்கக் கூடாது. கியரைக் குறைக்க வேண்டும். ஹாண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு அம்மா ஓட்டுநர் பக்கத்தை விட்டு இறங்கி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கிருந்தபடி இடது கையால் ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் பழகினார். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒத்திகை நாள். நல்ல குளிர், ஆனால் மழை இல்லை. நாம் சிறகு கட்டிக்கொண்டு நின்றோம். இடைவேளையில் பெரியவர்கள் எல்லோரும் மண்டபத்துப் படிக்கட்டில் தேத்தண்ணியோடு கூடியிருந்தார்கள், கராச் மாமா நடுவில். அம்மா என் காதுக்குள் வந்து, நான் திரும்பி வரும்வரை ஒரு பிள்ளையையும் வெளியே விடாதே என்றார். அதனால்தான் மறித்தேன். உங்களில் ஒருவர் என் சிறகைப் பிய்த்தீர்கள், இன்னொருவர் காலில் மிதித்தீர்கள். அப்போதும் விடவில்லை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கராச் மாமாவிடம் போனார். எனக்கு ஓட்டத் தெரியேல்லை அண்ணை, நீங்கள்தான் ஒருக்கா ஓட்டிக் காட்ட வேணும், பக்கத்திலை இருந்து பாத்துப் பழகிறன் என்றார். அவ்வளவு பணிவான குரலில் அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. சனம் உற்சாகப்படுத்தியது. மாமா மறுக்க முடியுமா? அப்பாவையும் பின்னால் ஏறச் சொன்னார் அம்மா.

காருக்குள் நடந்ததை அம்மா இன்றுவரை சொல்லவில்லை. அப்பாதான் பல வருடம் கழித்து, தவணை முறையில் சொன்னார். ஆற்றோரம் வரை போய்த் திரும்பினார்களாம். மேட்டின் அடியில் அம்மா, டர்போ டர்போ எண்டு சொல்லுகினம், அது இவ்வளவுதானோ அண்ணை என்று கேட்டாராம். மாமா சிரித்துவிட்டு, வேகமிதியை அடிவரை மிதித்தார். கார் உறுமிக்கொண்டு மேட்டைத் தாண்டியது. அப்பாவுக்கு அந்தக் காருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் தெரிந்ததாம். இறக்கத்தில் மாமா ஒரு கையால் ஓட்டிக்கொண்டு யாழ்ப்பாணக் கதை சொல்லத் தொடங்கினார். முற்றத்துக்குத் திரும்பும் இடத்தில் கதை நின்றது.

எடுத்து எடுத்து மிதித்தாராம், செய்யக் கூடாதது எதுவோ அதை. பிரேக் இல்லை, பிரேக் இல்லை என்றாராம். அம்மா உடனே ஹாண்ட் பிரேக்கை இழுக்கவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அப்பா ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்துவார். அம்மாவின் கை அதன்மேலேயே இருந்ததாம், அவர் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் அப்பாவுக்கு முழுப் பூசை அளவு நீளமாக இருந்ததாம். பிறகுதான் மற்றக் கையால் ஸ்டியரிங்கைத் தன் பக்கம் வளைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்.

நான் கண்டது கடைசிப் பகுதியை. கார் மதில் பக்கம் போகவில்லை. முற்றத்தின் முடிவிலிருந்த உயரமான செடிவேலிக்குள், அம்மா முன்பே யோசித்து வைத்த இடத்தில், பொனட் மறையும் அளவுக்குப் புகுந்து நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆபத்தான வேலைதான். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் அன்று நான் சிறகோடு நின்றபடி சந்தோஷத்தில் நடுங்கினேன், அதை மறைக்க விருப்பமில்லை.

மாமா கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். தலையெல்லாம் இலை. படிக்கட்டில் நின்ற சனத்தைப் பார்த்து, "பிரேக் பிடிக்கேல்லை. நான் மிதிச்சனான், பிடிக்கேல்லை," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா மற்றப் பக்கத்தால் இறங்கி, மேலங்கியில் ஒட்டிய இலைகளைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு, மாமா சொன்ன அதே தொனியில் சொன்னார்.

"காரிலை ஒரு பிழையும் இல்லை, அண்ணை. உங்களுக்குக் கால் வலு காணாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா பையிலிருந்து குமிழை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்து, உங்கட கராச்சிலை கிடந்த தேவையில்லாத சாமான் என்றார். பிறகு காரின் உள்ளே குனிந்து திறப்பைக் கழற்றினார். அப்பா அப்போதுதான் பின்கதவால் இறங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பார்த்துக்கொண்டிருக்கத் திறப்பைத் தன் பையில் போட்டார். அடுத்த நாள் டெர்மினுக்குக் கொண்டுபோய்ப் புதுக் குழாயும் புதுக் குமிழும் போடுவித்தார். வருட முடிவில் வேலை நிரந்தரமானது. திறப்பு பிறகு அப்பாவின் கைக்குப் போகவே இல்லை. அந்தக் கார் போய் இப்போது நான்காவது கார், அதன் திறப்பும் அம்மாவிடம்தான்.

என் குமிழை மாமா என்ன செய்தாரோ தெரியாது. அது ஒன்றுதான் எனக்கு நட்டம்.

நீங்கள் உள்ளே நின்றதால் மதிலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். பெரியவர்கள் கண்ணால் கண்டும் வேலியைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை. பெண்களின் மதில் இருபது வருடம் பேசப்படும், ஆண்களின் வேலி அடுத்த ஞாயிறே மறைந்துவிடும். அதனால்தான் இதை எழுதினேன். இனி யாராவது மதில் அன்ரி என்று எழுதினால், கராச் மாமாவின் பேரப்பிள்ளைகள் இருக்கும் குழுவிலும் இதைப் போடுவேன்.

போன கார்த்திகையில் ஒரு கலியாணவீடு முடிந்து வெளியே வந்தோம். கொட்டும் மழை. ட்ராம் தரிப்பிடத்தில் கராச் மாமா குடையில்லாமல் நின்றார். அம்மா காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஏறுங்கோ அண்ணை, நான் கொண்டுபோய் விடுறன் என்றார். மாமா ட்ராம் வரும் பக்கத்தை ஏக்கத்தோடு பார்த்தார். ட்ராம் வரவில்லை. பின்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அவருடைய வீட்டுக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. அம்மா ஆற்றோரத்தால் போனார். மேட்டில் தயங்காமல், ஆசிரியர் பழக்கியபடி நன்றாக மிதித்து ஏறினார். உச்சியைத் தாண்டியதும் நான் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டு கிழவர்களும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரின் வலது காலும் கீழே விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. அம்மா கண்ணாடியில் அவர்களின் முகங்களைப் பார்த்தார், ஆனால் பிரேக் மிதிக்க அவசரப்படவில்லை.